புதுப்பிப்பு: அப்பா கடலுக்குப் போனால் தூங்காத மகள்

மார்ச்சில் இங்கே புலம்பியிருந்தேனே, பாம்பன்காரி, ஞாபகம் இருக்கிறதா? கணவர் விசைப்படகில் போகும் இரவுகளில் மூன்று வயது மகள் பதினொரு மணி வரை வாசலையே பார்த்துக்கொண்டிருப்பாள், கைக்குழந்தைத் தம்பியையும் எழுப்பிவிடுவாள் என்று.

இங்கே ஓர் அக்கா சொன்னபடி கணவருடைய பழைய கைலியை அவள் தலையணையில் சுற்றினேன். துவைக்காமல் வைக்கச் சொன்னதுதான் சூட்சுமம். (மாமியார் மூக்கைப் பொத்திக்கொண்டார், கவிச்சி அப்படி.) மூன்றாம் நாளே ஒன்பதுக்குத் தூங்கிவிட்டாள். மதியத் தூக்கத்தை நிறுத்தும் யோசனை மட்டும் சரிவரவில்லை. சாயங்காலமெல்லாம் ஒரே சிணுங்கல். இந்த வயதுக்குப் பகலும் இரவுமாக 10 முதல் 13 மணி நேரம் தூக்கம் வேண்டுமாம், அதனால் விட்டுவிட்டேன்.

அப்புறம் ஏப்ரல் 15 வந்தது. மீன்பிடித் தடைக்காலம், 61 நாள், அப்பா வீட்டிலேயே. கையில் காசு இல்லாவிட்டாலும் தூக்கப் பிரச்சினையாவது தீர்ந்தது என்று நினைத்தேன். எங்கே! அவர் வலையைச் செப்பனிட உட்கார்ந்தால் இவள் மடியில் ஏறிக்கொள்கிறாள். "மீனு கண்ண மூடித் தூங்குமாப்பா?" "மூடாது தாயி, அதுக்கு இமையே இல்ல." அவ்வளவுதான், தானும் கண்ணை மூட மாட்டேன் என்று பத்தரை வரை அடம்.

ஜூன் 14 நள்ளிரவோடு தடை முடிகிறது. மூலையில் கிடந்த கைலியை இந்த வாரம் அவரையே கட்டச் சொல்லியிருக்கிறேன். வாசனை ஏறட்டும்.