ப்ளூடூத்தில் பேசிக்கொண்டே கார் ஓட்டுவதையும் சட்டம் தடுக்க வேண்டுமா?

செந்தூரன் (கேள்வி):
மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு, கைப்பேசியைக் கையில் வைத்துப் பயன்படுத்திக்கொண்டே வண்டி ஓட்டுவது 184-ஆவது பிரிவின்படி அபாயகரமாக ஓட்டும் குற்றமாகிவிட்டது. முதல் முறை பிடிபட்டால் 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதமோ, 6 மாதம் முதல் ஓராண்டு வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். என் அலுவலக நண்பரோ தாம்பரத்தில் தொடங்கிய பேச்சை விழுப்புரத்தில்தான் முடிப்பார். ப்ளூடூத்தில் பேசுவதால் சட்டப்படி தவறில்லை என்கிறார். அவர் சொல்வது சரியா? சரியென்றால், அப்படி ஒரு சட்டம் போதுமா?

இளங்கோ:
ஏறக்குறைய சரிதான். சட்டம் குறிப்பிடுவது கையில் பிடிக்கும் கருவியை மட்டுமே. ஆனால் பேச்சு மும்முரத்தில் வண்டி தடம் மாறிப் பிறருக்கு ஆபத்து விளைந்தால், அதே 184-ஆவது பிரிவின் பொதுவான பகுதி அவரைப் பிடித்துக்கொள்ளும். இந்தத் திருத்தத்துக்கு முன்பு நிலைமை இன்னும் தளர்வாக இருந்தது: வண்டி ஓட்டும்போது கைப்பேசியில் பேசினார் என்பதற்காக மட்டுமே, பொதுமக்களுக்கு ஆபத்து விளைவித்ததாகக் காவல் சட்டத்தின்கீழ் வழக்குப் போட முடியாது என்று 2018-இல் கேரள உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2020 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த விதியோ, வழி பார்ப்பதற்கு மட்டும், அதுவும் ஓட்டுநரின் கவனம் சிதறாத வகையில், கைப்பேசியைப் பயன்படுத்தலாம் என்கிறது. கவனம் சிதறியதா இல்லையா என்பதைச் சாலையோரத்தில் நிற்கும் காவலர் எதைக் கொண்டு அளப்பார் என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

கயல்விழி:
சட்டம் கையைப் பார்க்கிறது. ஆபத்து கவனத்தில் இருக்கிறது. டொராண்டோ ஓட்டுநர்களின் அழைப்புப் பதிவுகளை வைத்து நடத்தி 1997-இல் வெளியிட்ட ஆய்வில், பேசும் நேரத்தில் விபத்துக்கான வாய்ப்பு ஏறத்தாழ நான்கு மடங்காகத் தெரிந்தது. கையில் பிடிக்காமல் பேசியவர்களுக்கும் அதனால் பாதுகாப்புக் கூடியதாகத் தெரியவில்லை. பக்கத்து இருக்கையில் இருப்பவரோடு பேசுவதில்லையா என்று உடனே கேட்பார்கள். சுங்கச்சாவடியை நெருங்கும்போது ஒரு லாரி குறுக்கே வந்தால் பக்கத்தில் இருப்பவர் தாமாகவே பேச்சை நிறுத்திவிடுவார்; மறுமுனையில் இருப்பவர் "ஹலோ, கேக்குதா?" என்று மேலும் அழுத்திக் கேட்பார். அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2011-இலேயே, கைப்பேசியைக் கையில் பிடித்துப் பேசுவது, பிடிக்காமல் பேசுவது இரண்டையும் தடுக்கப் பரிந்துரைத்தது.

முருகவேல்:
நான் கால் டாக்ஸி ஓட்டுகிறேன், அம்மா. சவாரி வரும்போது திரையில் ஒரு வட்டம் சுருங்கிக்கொண்டே போகும். அது மறைவதற்குள் தொடாவிட்டால் சவாரி வேறொருவருக்குப் போய்விடும். தொட்டதும் வாடிக்கையாளர் அழைத்து, "எங்க இருக்கீங்க?" என்பார். எடுக்காவிட்டால் புகார். முழுத் தடை வந்தால் சலான் என் பெயருக்கு வருமே தவிர, ஓடும் வண்டிக்குச் சவாரியை அனுப்பிய நிறுவனத்துக்குப் போகாது.

அன்வர்:
பிரிட்டனில் கைப்பேசியைக் கையில் பிடித்துத் தகவல் தொடர்பு கொள்ள 2003 முதல் தடை இருந்தும், விபத்து நடந்த இடத்தைக் கைப்பேசியில் படமெடுத்துக்கொண்டே ஓட்டியவர் 2019-இல் தப்பித்துக்கொண்டார். படமெடுப்பது தகவல் தொடர்பு ஆகாது என்பது நீதிமன்றத்தின் கணக்கு. அந்த ஓட்டையை அடைக்க 2022 மார்ச் வரை ஆயிற்று. கையில் பிடிக்காத பேச்சையும் தடுப்பது பற்றி ஆராயும்படி நாடாளுமன்றப் போக்குவரத்துக் குழு 2019-இல் கேட்டும் அரசு அதைத் தொடவில்லை. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் சாலைகளில் உள்ள கேமராக்கள் மடியில் கிடக்கும் கைப்பேசியைக்கூடக் கண்டுபிடிக்கும். ஒலிபெருக்கியில் ஓடும் பேச்சு அவற்றுக்குக் கேட்காது. ஆகவே தடையைவிட, உயிரிழப்போ பெருங்காயமோ நேர்ந்த ஒவ்வொரு விபத்திலும் ஓட்டுநரின் அழைப்புப் பதிவைக் கட்டாயமாகப் பெறும் ஒரு விதியைத்தான் நான் கேட்பேன்.

முருகவேல்:
அப்படி எடுத்தால், அந்த நேரத்தில் எங்களை அழைத்தது யார், சவாரியை அனுப்பியது எந்த நிறுவனம் என்பதையும் வழக்கில் சேர்க்க வேண்டும், ஐயா.