தமிழ்வழியா, ஆங்கிலவழியா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

வணக்கம். ஜூனில் மகளை ஒன்றாம் வகுப்பில் சேர்க்க வேண்டும். எங்கள் ஊர் அரசுப் பள்ளியில் தமிழ்வழி, ஆங்கிலவழி இரண்டுமே இருக்கின்றன. வீட்டில் தமிழ் மட்டும்தான், அதனால் எனக்குத் தமிழ்வழிதான் விருப்பம். 2009 கல்வி உரிமைச் சட்டமும் பயிற்றுமொழி இயன்றவரை தாய்மொழியாக இருக்க வேண்டும் என்றே சொல்கிறது. ஆனால் மாமியார் வீட்டில் ஆங்கிலவழிதான் என்கிறார்கள்; அங்கே யார் இந்தச் சட்டத்தையெல்லாம் படிக்கிறார்கள்!

தமிழ்வழியில் படித்தவர்களுக்கு அரசுப் பணியில் 20% முன்னுரிமை உண்டு. இந்த முன்னுரிமைச் சட்டத்தில் 2020-இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு பள்ளிப் படிப்பு முழுவதும் தமிழ்வழியாக இருந்தால்தான் அது கிடைக்கும். அதனால் இப்போதே முடிவெடுக்க வேண்டியிருக்கிறது.

பிள்ளையைத் தமிழ்வழியில் படிக்க வைத்துக் கல்லூரிக்கு அனுப்பியவர்கள் யாராவது இருக்கிறீர்களா? இயற்பியல், வேதியியலை ஆங்கிலத்தில் படிக்கச் சிரமப்பட்டார்களா? அப்புறம், ஆங்கிலத்தைத் தனிப் பாடமாக வீட்டில் எப்படிச் சொல்லிக்கொடுத்தீர்கள்?