சொல் தெரிந்தும் ஆங்கில வாக்கியம் வராமல் தடுமாறுகிறவர்களுக்கு

நீலகிரியிலிருந்து இங்கிலாந்துக்கும் அயர்லாந்துக்கும் கனடாவுக்கும் புதிதாகப் போய்ச் சேர்ந்தவர்கள், குறிப்பாக முதியோர் இல்லங்களிலும் மருத்துவமனைகளிலும் வேலைக்குச் சேர்ந்தவர்கள், கேட்கிற கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான். ஆங்கிலச் சொற்கள் தெரிகின்றன, எதிரில் இருப்பவர் பேசுவதும் ஓரளவு புரிகிறது, ஆனால் பதில் சொல்ல வாயைத் திறந்தால் வாக்கியம் பாதியில் நின்றுவிடுகிறது, என்ன செய்வது? கோத்தகிரியில் மாலை நேர ஆங்கில வகுப்பு எடுத்துவருகிற அனுபவத்திலிருந்து இதற்குப் பதில் எழுதுகிறேன். லவ்டேலிலும் உதகையிலும் போர்டிங் பள்ளியில் படித்தவர்களுக்கு இது தேவைப்படாது. எஸ்டேட் பள்ளியிலும் அரசுப் பள்ளியிலும் தமிழ்வழியில் படித்தவர்களை மனத்தில் வைத்தே எழுதுகிறேன்.

முதலில், இன்னும் ஐந்நூறு சொற்களை மனப்பாடம் செய்தால் சரியாகிவிடும் என்ற எண்ணத்தை விட்டுவிடுங்கள். குறை சொல்லில் இல்லை, வரிசையில் இருக்கிறது. "நேற்று மாலை குன்னூர் பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் இருக்கிற மருந்துக்கடையில் அம்மாவுக்கு இருமல் மருந்து வாங்கினேன்" என்று நாம் சொல்வதை ஆங்கிலத்தில் "ஐ பாட் காஃப் சிரப் ஃபார் மை மதர் அட் த ஃபார்மசி நியர் த கூனூர் பஸ் ஸ்டாண்ட் யெஸ்டர்டே ஈவினிங்" என்பார்கள். இரண்டையும் ஒரு தாளில் மேலும் கீழுமாக எழுதிப் பாருங்கள். தமிழ் வாக்கியத்தைக் கடைசியிலிருந்து பின்னோக்கிப் படித்தால் வாங்கினேன், இருமல் மருந்து, அம்மாவுக்கு, மருந்துக்கடையில், பக்கத்தில், பஸ் ஸ்டாண்ட், நேற்று மாலை என்று ஆங்கில வரிசை அப்படியே கிடைக்கும். கல்லாற்றிலிருந்து குன்னூருக்கு ஏறுகிற மலை ரயிலில் எஞ்சின் பின்னால் நின்று பெட்டிகளைத் தள்ளுவதுபோலத் தமிழில் வினைமுற்று கடைசியில் நின்று வாக்கியத்தை நடத்துகிறது. ஆங்கிலத்தில் அது முன்னால் நின்று இழுக்கிறது. வீட்டில் படுகோ கன்னடமோ மலையாளமோ பேசுகிறவர்களுக்கும் இதே நிலைதான், ஏனென்றால் அந்த மொழிகளிலும் வினை இறுதியில்தான் வரும்.

ஆகவே பேசத் தொடங்கும்போது "நேற்று மாலை" என்றோ "பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில்" என்றோ தொடங்காமல், யார், என்ன செய்தார், எதைச் செய்தார் என்ற மூன்றையும் முதலில் சொல்லிவிடுங்கள். "ஐ பாட் காஃப் சிரப்" என்பது அங்கேயே நின்றாலும் முழு வாக்கியம். யாருக்காக, எங்கே, எப்போது என்பவை நினைவுக்கு வருகிறபடி பின்னால் ஒட்டிக்கொள்ளும், ஒன்று விட்டுப்போனாலும் கேட்பவருக்கு விஷயம் போய்ச் சேர்ந்திருக்கும்.

இந்த வரிசையைக் கலைக்க ஆங்கிலம் இடம் தராததற்குக் காரணம் உண்டு. "என் மாமாவைக் காட்டெருமை முட்டியது" என்றாலும் "காட்டெருமை என் மாமாவை முட்டியது" என்றாலும் நமக்கு ஒன்றுதான், ஏனென்றால் முட்டுப்பட்டவர் யார் என்பதை "ஐ" உருபு காட்டிவிடுகிறது. ஆங்கிலப் பெயர்ச்சொல்லுக்கு அப்படி ஓர் உருபு இல்லாததால் நிற்கிற இடமே வேற்றுமையைக் காட்டுகிறது. தமிழ் வரிசையை நினைத்துக்கொண்டு மாமாவை முன்னால் வைத்து "மை அங்கிள் ஹிட் த பைசன்" என்றால் மாமாதான் காட்டெருமையைத் தாக்கியவர் ஆகிவிடுவார். நம் ஊர்க்காரர்கள் சிரித்துக்கொண்டே புரிந்துகொள்வார்கள், மற்றவர்கள் குழம்புவார்கள்.

எழுவாயை விழுங்குவது அடுத்த பழக்கம். "வாங்கினேன்" என்பதில் "நான்" ஒளிந்திருப்பதால் நாம் அதைத் தனியே சொல்வதில்லை. ஆங்கிலத்தில் அதை விட்டால் வாக்கியம் தலையில்லாமல் நிற்கும். செய்கிறவர் யாரும் இல்லாத இடத்திலும் அந்த இடத்தைக் காலியாக விடக்கூடாது என்பதால், "குளிருகிறது" என்பதற்கு "இட் இஸ் கோல்ட்" என்று பொருளே இல்லாத ஓர் "இட்" முன்னால் உட்காருகிறது. "எனக்கு" என்று தொடங்கும் வாக்கியங்களில் இன்னும் கவனம் வேண்டும். எனக்குப் பசிக்கிறது, எனக்குத் தெரியும், எனக்கு இரண்டு பிள்ளைகள், எனக்குக் காய்ச்சல் ஆகிய நான்குமே ஆங்கிலத்தில் "ஐ" என்றுதான் தொடங்கும்: ஐ ஆம் ஹங்ரி, ஐ நோ, ஐ ஹேவ் டூ சில்ட்ரன், ஐ ஹேவ் எ ஃபீவர்.

வேலைக்கு விடுப்பு சொல்லப் போன் செய்யும்போது இந்த வரிசை வேறுபாடு பெரிதாகத் தெரியும். இரவெல்லாம் பையனுக்குக் காய்ச்சல், மாத்திரை கொடுத்தும் குறையவில்லை, பார்த்துக்கொள்ள வீட்டில் வேறு யாருமில்லை, அதனால் இன்று வர முடியாது என்று காரணத்தை முன்னால் அடுக்கி முடிவைக் கடைசியில் சொல்வது நமக்கு மரியாதையான முறை. அங்கே போனை எடுக்கும் பொறுப்பாளர், என்ன வேண்டும் என்பது தெரியாமலே முக்கால் பேச்சையும் கேட்டுக்கொண்டிருப்பார். "ஐ கான்ட் கம் டு வொர்க் டுடே பிகாஸ் மை சன் ஹேஸ் எ ஃபீவர்" என்று முடிவை முதலில் சொல்வது அங்கே மரியாதைக் குறைவாகக் கருதப்படாது. தொடக்கத்தில் ஒரு "சாரி" சேர்த்துக்கொண்டால் போதும்.

"டாக்டர் கொடுத்த மாத்திரை" போன்ற பெயரெச்சத் தொடர்களைத் திருப்பிப் போடுவது கடினம்தான். ஆங்கிலத்தில் மாத்திரை முன்னே வந்து, டாக்டர் கொடுத்தது பின்னே வரும்: "த டேப்லட் தட் த டாக்டர் கேவ் மீ". இது பழகும்வரை இரண்டு சிறு வாக்கியங்களாக உடைத்துச் சொல்லுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

நோயாளிகளோடு வேலை செய்கிறவர்கள் எதை மறந்தாலும் இதை மறக்கக்கூடாது. "யூ ஹேவன்ட் டேகன் யுவர் டேப்லட்ஸ்?" என்று கேட்டால், மாத்திரை சாப்பிடாத நம் ஊர்ப் பெரியவர் "ஆமாம், சாப்பிடவில்லை" என்பார்; கேட்டவர் சொன்னது சரி என்பதற்கு அந்த "ஆமாம்". ஆங்கிலத்தில் செயல் நடந்ததா என்பதை வைத்தே பதில் வரும் என்பதால், சாப்பிடாதவர் "நோ, ஐ ஹேவன்ட்" என்பார். ஷிஃப்ட் மாறும்போது மேற்பார்வை நர்ஸ் "அவருக்கு ஊசி போடவில்லையா?" என்ற பொருளில் கேட்டு, நீங்கள் வெறும் "யெஸ்" என்று சொன்னால், போட்டாயிற்று என்று அவர் எடுத்துக்கொள்ள வாய்ப்பு உண்டு. எதிர்மறையாகக் கேட்கப்படும் எந்தக் கேள்விக்கும் யெஸ், நோ இரண்டையும் தனியாகச் சொல்லாமல், "ஐ ஹேவ் நாட் கிவன் இட்" என்று முழு வாக்கியமாகச் சொல்லுங்கள்.

கேள்வி கேட்பதில் ஒரே ஒரு விதி: "டிட்" வந்துவிட்டால் இறந்தகாலத்தை அது எடுத்துக்கொள்கிறது, வினை தன் அடிப்படை உருவத்துக்குத் திரும்பிவிடும். எனவே "டிட் யூ கோ", "டிட் யூ வென்ட்" அல்ல.

பன்னிரண்டு காலங்களையும் அட்டவணையாக உருப்போட வேண்டியதில்லை என்பது என் கருத்து. ஆனால் "மூன்று வருடமாக இங்கே இருக்கிறேன்" என்பதை மட்டும் இப்போதே சரிசெய்துகொள்ளுங்கள், ஏனென்றால் போகிற இடமெல்லாம் அதைக் கேட்பார்கள்: "ஐ ஆம் ஹியர் சின்ஸ் த்ரீ யியர்ஸ்" அல்ல, "ஐ ஹேவ் பீன் ஹியர் ஃபார் த்ரீ யியர்ஸ்". தொடங்கிய ஆண்டைச் சொன்னால்தான் "சின்ஸ் 2022" என்று வரும்.

"எ", "த" இரண்டையும் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். தமிழில் அவற்றுக்கு நேரான வழக்கம் இல்லாததால் அவை மெதுவாகத்தான் படியும். பேச்சில் அவை விட்டுப்போவதால் பொருள் தவறுவது அரிது. எழுதிக் கொடுக்கும் விண்ணப்பத்தை மட்டும் அனுப்புவதற்கு முன் நன்றாகத் தெரிந்த ஒருவரிடம் காட்டிவிடுங்கள்.