அமைப்பு மெனுவைத் திறந்தாத்தான் சத்தம் குறையுது: யூனிட்டி, ஆண்ட்ராய்டு

தோணிக்காரி, வந்தாறுமூலை:
எல்லாருக்கும் வணக்கம். மட்டக்களப்பு வாவியில இரவு நேரம் தோணி வலிக்கிற ஒரு சின்ன கேம், யூனிட்டி எண்ட கேம் செய்யிற மென்பொருள்ல செய்றன். விளையாட்டுப் பகுதி ஓரளவு முடிஞ்சிது, அமைப்பு மெனுவிலதான் மாட்டி நிக்கிறன். ஆடியோ மிக்சர்ல (சத்தங்களைப் பிரிச்சிக் கூட்டிக் குறைக்கிற இடம்) இசை, ஒலிகள், வாவி எண்டு மூணு குரூப், மூணுக்கும் ஒவ்வொரு ஸ்லைடர்.

இசை ஸ்லைடரைப் பாதிக்கு இறக்கினாலே ஒண்டும் கேக்குதில்ல. அதுக்குக் கீழ இழுத்தாலும் ஒண்டுதான், இழுக்காட்டியும் ஒண்டுதான்.

குறைச்சி வச்சிட்டு கேமை மூடித் திறந்தா முழுச் சத்தத்தில தொடங்குது. ஆனா அமைப்பு மெனுவைத் திறந்த உடனே தானா குறையுது! ஸ்லைடரும் நான் விட்ட இடத்திலதான் நிக்குது.

வாவி ஸ்லைடர் போன்ல ஒரு வித்தியாசமும் காட்டுதில்ல. லேப்டாப்பில ஹெட்போன் போட்டா நல்லா வேலை செய்யுது.

ஸ்லைடர் 0 முதல் 1 வரை. லெர்ப் (நேர்விகிதமா மாத்துற கட்டளை) போட்டு -80க்கும் 0 டெசிபெலுக்கும் (சத்த அளவு) நடுவில ஆக்கி மிக்சருக்குச் செட்ஃப்ளோட் எண்ட கட்டளையால குடுக்கிறன். சேமிக்கிறது பிளேயர்பிரெஃப்ஸ்ல (யூனிட்டி அமைப்புகளைப் போன்ல எழுதி வைக்கிற இடம்). கோட் முழுக்க அமைப்புப் பேனல்லதான் இரிக்கு.

ஒலுவில் கோடர்:
தங்கச்சி, ரெண்டாவதுக்கு விடை உங்கட கடைசி வரியில கிடக்கு. பேனல் மூடிக் கிடக்கிற வரைக்கும் அதில இரிக்கிற ஸ்கிரிப்ட் ஓடாது. சேமிச்ச அளவு போன்ல பத்திரமாத்தான் இரிக்கு, அதை எடுத்து மிக்சருக்குச் சொல்ல ஆளில்ல. முதல் சீன்ல எப்பவும் திறந்திருக்கிற ஒரு கேம் ஆப்ஜெக்ட்டுக்கு அந்த வேலையைக் குடுங்க. அதையும் அவேக்ல (ஆப்ஜெக்ட் எழும்பின உடனே ஓடுறது) எழுதாதீங்க, ஸ்டார்ட்ல (அதுக்குப் பிறகு ஓடுறது) எழுதுங்க. அவேக்ல குடுக்கிற அளவை மிக்சர் தன்ட தொடக்க ஸ்னாப்ஷாட்டால (முதலே பதிஞ்சு வச்ச அளவுகளால) அழிச்சிப் போடும்.

முதலாவது, டெசிபெல் கணக்கு. லெர்ப்பில பாதி எண்டா -40 டெசிபெல், போன் ஸ்பீக்கர்ல அது கிட்டத்தட்ட ஊமை. லெர்ப்பைத் தூக்கிட்டு, ஸ்லைடர் அளவிட லாக்10ஐ 20ஆல பெருக்கிக் குடுங்க. அப்ப பாதியில -6, பத்தில ஒண்டில -20 வரும். ஸ்லைடரிட ஆகக் குறைஞ்ச அளவை 0.0001 எண்டு வைங்க, அதுதான் -80. பூச்சியம் விட்டா லாக் முடிவிலிக்குப் போயிரும்.

இன்னொண்டு, பிளேயர்பிரெஃப்ஸ்.சேவ் எண்டதைப் பேனல் மூடுற நேரம் கூப்பிடுங்க. எங்கட ஆக்கள் கேமை முறையா மூடுறதில்ல, தள்ளி எறியிறதுதான்.

கல்முனை சவுண்ட்:
நான் கேம் ஆளில்ல, கல்யாணத்துக்கும் திருவிழாவுக்கும் சவுண்ட் போடுறவன். மூணாவதுக்கு மட்டும் சொல்றன். வாவிக்கு என்ன சத்தம் வச்சிரிக்கீங்க?

தோணிக்காரி:
கல்லடிப் பாலத்தடியில தண்ணிக்குள்ள இருந்து கேக்கிற பாடும்மீன் சத்தம் மாதிரி ஒரு அடிக்குரல் ஹம். கீபோர்ட்ல நானே செய்தது. (பாடுறது மீனா, ஊரி எண்ட நத்தையா எண்ட வழக்குக்கு இங்க வர வேணாம்!)

கல்முனை சவுண்ட்:
அதுதான் சங்கதி. போன் ஸ்பீக்கர் சுண்டுவிரல் நகமளவு. 200 ஹேர்ட்ஸுக்குக் கீழ இரிக்கிற அடிச்சத்தத்தை அதால பெரிசாத் தள்ள ஏலாது. உங்கட ஸ்லைடர் சரியாத்தான் வேலை செய்யுது, கேக்கிறதுக்குத்தான் ஒண்டுமில்ல. கூட்டி வச்சாலும் ஸ்பீக்கர் கரகரக்குமே தவிர மீன் பாடாது. ஆடாசிட்டி எண்ட ஒலி திருத்துற மென்பொருள்ல அதே சத்தத்தை ஒரு ஸ்தாயி (ஆக்டேவ்) மேல ஏத்தி ஒரு பிரதி எடுத்து, மெல்லிசா மேல போடுங்க. மேல் சுரங்கள் கேட்டா அடிச்சுரம் இரிக்கிற மாதிரிக் காது தானே நிரப்பிக்கொள்ளும். இனி ஹெட்போன்ல மட்டும் கேட்டு முடிவெடுக்காதீங்க மகள். மலிவான போன் ஒண்டில, பஸ்ஸுக்குள்ள இரிந்து கேளுங்க.

ஆரையம்பதி:
இவ்வளவு சின்ன கேமுக்கு மூணு ஸ்லைடர் எதுக்கு? போன் பக்கத்தில சத்தப் பட்டன் இரிக்கு. இசைக்கு ஒரு ஆன்-ஆஃப், ஒலிக்கு ஒரு ஆன்-ஆஃப், முடிஞ்சிது.

ஒலுவில் கோடர்:
பாதி சரி. வாவியை ஒலிகளோட சேர்த்திரலாம், தனியா அதை ஆரும் தேட மாட்டாங்க. ஆனா இசையும் ஒலியும் கட்டாயம் பிரிஞ்சி இரிக்கணும். தன்ட பாட்டைப் போட்டுக்கொண்டு விளையாடுறவன் கேம் இசையைத்தான் நிப்பாட்டுவான், துடுப்புச் சத்தம் அவனுக்கு வேணும். அதுக்குப் பிளேயர் செட்டிங்ஸ்ல மற்ற ஆப்களிட ஒலியை மியூட் செய்ற தெரிவை எடுத்துவிடுங்க, இல்லாட்டி அவன்ட பாட்டு நிண்டிரும். ஆன்-ஆஃப் போதாது, இசை பின்னால லேசாக் கேக்கணும் எண்டு நினைக்கிறவங்க கனபேர்.

தோணிக்காரி:
நானா, முதல் ரெண்டும் சரி வந்திட்டு, நன்றி. லாக் போட்ட பிறகு ஸ்லைடர் விரலுக்குச் சொல்வழி கேக்குது. மீனும் இப்ப அம்மாட போன்லயே பாடுது. வாவியை ஒலிகளோட சேர்த்திட்டன். புதுசா ஒண்டு: யூனிட்டியில எழுத்துக் காட்டுற டெக்ஸ்ட்மெஷ் புரோவில "இசை" எண்டு எழுதினா ஐகாரக் குறி சகரத்துக்குப் பின்னால போய் நிக்குது.

ஒலுவில் கோடர்:
அது எழுத்துருப் பிழையில்ல. தமிழ்க் கொம்புகளை இடம்மாத்தி வைக்கிற வேலையை டெக்ஸ்ட்மெஷ் புரோ செய்றதில்ல. கோடோ 4 எண்ட வேற கேம் எஞ்சின், எழுத்துகளை ஒழுங்கா அடுக்கிற ஹார்ஃப்பஸைப் பாவிக்கிறதால அங்க இந்தக் கரைச்சல் இல்ல, ஆனா ரெண்டு சொல்லுக்காக எஞ்சின் மாறச் சொல்ல மாட்டன். உங்கட மெனுவில இசை, ஒலிகள் அவ்வளவுதானே? வெளியில எழுதிப் படமா எடுத்து ஒட்டுங்க.

ஆரையம்பதி:
புளூடூத் ஹெட்செட்ல துடுப்புச் சத்தம் பிந்தி வருமே, அதுக்கும் மெனுவில ஏதும் வைக்கிறதா?

ஒலுவில் கோடர்:
அந்தப் பிந்தலைக் கேமால குறைக்க ஏலாது. டிஎஸ்பி பஃபரை (ஒலியை அனுப்ப முன்னம் சேர்த்து வைக்கிற அளவை) சின்னதாக்கினா ஸ்பீக்கருக்கும் வயர் ஹெட்போனுக்கும் கொஞ்சம் உதவும், பழைய போன்ல வெடிப்புச் சத்தமும் வரும். தாளத்துக்கு விளையாடுற கேம் எண்டா பிந்தலைச் சரிக்கட்டுற ஸ்லைடர் வேணும். தோணி வலிக்கிறதுக்கு வேணாம், விடுங்க.