சிறுவர்களுக்கான இறைவாக்கு வழிபாடு: அனுபவமுள்ளோரின் உதவி தேவை

அன்புள்ள சகோதர சகோதரிகளே, ஞாயிறு திருப்பலியின்போது ஆறு முதல் பத்து வயது வரையுள்ள சிறுவர்களுக்குத் தனி அறையில் இறைவாக்கு வழிபாட்டை (திருப்பலியில் விவிலிய வாசகங்களும் மன்றாட்டுகளும் இடம்பெறும் பகுதியை) நடத்தி, காணிக்கைப் பவனிக்கு முன் அவர்களைப் பெற்றோரிடம் திரும்ப அழைத்துவரும் பொறுப்பை எங்கள் பங்குத்தந்தை என்னிடம் ஒப்படைத்துள்ளார். 1973-இல் வத்திக்கான் வெளியிட்ட சிறுவர் திருப்பலி வழிகாட்டி, வாசகங்களைக் குறைக்க இடம் தந்தாலும் நற்செய்தியை ஒருபோதும் விடக் கூடாது என்கிறது. மௌனத்துக்கும் உரிய இடம் தரச் சொல்கிறது. எனக்குக் கடினமாக இருப்பது அந்த மௌனம்தான். நற்செய்திக்குப் பின் படம் வரையக் கொடுத்தால் பிள்ளைகள் அமைதியாகிறார்கள், ஆனால் வழிபாடு மறைக்கல்வி வகுப்பாக மாறிவிடுகிறது. அதில் எனக்கு உடன்பாடில்லை. சிறியோரும் சற்றுப் பெரியோரும் ஒன்றாக அமர்ந்து செபிக்கவும், மன்றாட்டுகளைத் தங்கள் சொந்தச் சொற்களிலேயே சொல்லவும் நீங்கள் எவ்வாறு பழக்கினீர்கள் என்பதைத் தயவுசெய்து எழுதுங்கள்.