சார்ல்ஸ்டன் படுகொலைக்குப் பின் கொடி இறங்கியது, துப்பாக்கி விதி?

கேள்வி: 2015 ஜூன் 17 அன்று அமெரிக்காவின் தென் கரோலினா மாநிலத்துச் சார்ல்ஸ்டனில், இமானுவேல் தேவாலயத்தின் வேதபாட வகுப்பில் இருந்த 9 கறுப்பினத்தவரை வெள்ளை இனவெறியன் ஒருவன் சுட்டுக் கொன்றான். அதன்பின் விவாதம் துப்பாக்கியை விட்டு, உள்நாட்டுப் போரில் அடிமை முறையைக் காக்கப் போரிட்ட தென் மாநிலக் கூட்டமைப்பின் கொடியின் பக்கம் திரும்பியது ஏன்?

பதில் 1: கொலையாளி அக்கொடியோடு நிற்கும் படங்கள் வெளிவந்தன. கொல்லப்பட்ட போதகர் கிளெமென்டா பிங்க்னி மாநில செனட்டரும் ஆவார். அவரது உடல் சட்டமன்றக் கட்டடத்தில் அஞ்சலிக்கு வைக்கப்பட்டபோது, மற்ற கொடிகள் அரைக்கம்பத்தில் இருக்க, வளாகத்தில் அது மட்டும் உச்சியிலேயே பறந்தது. அதைத் தொடுவதற்கே மூன்றில் இரு பங்கு உறுப்பினரின் ஆதரவு வேண்டும் என்றது சட்டம்.

பதில் 2: அக்கொடி முன்னோரின் நினைவுச் சின்னம் என்போரின் உணர்வைப் பொய்யென்று நான் சொல்லமாட்டேன். ஆயினும் கறுப்பினத்தவரின் உரிமைப் போராட்டம் வலுத்த 1960களின் தொடக்கத்தில்தான் அது அக்கட்டடத்தின் குவிமாடத்தில் ஏற்றப்பட்டது என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

கேள்வி கேட்டவர்: நன்றி. துப்பாக்கி விதி மாறியதா?

பதில் 1: கொடி ஜூலை 10 அன்றே இறங்கிவிட்டது. துப்பாக்கி வாங்குபவரின் குற்றப் பின்னணிச் சோதனை 3 வேலை நாள்களில் முடியாவிட்டால் விற்பனையாளர் துப்பாக்கியைக் கொடுத்துவிடலாம் என்ற விதியின் வழியேதான் அவனுக்கு அது கிடைத்தது. 2022ஆம் ஆண்டுச் சட்டம் 21 வயது நிரம்பாதோருக்கு மட்டும் அக்காலத்தை 10 வேலை நாள்கள் வரை நீட்டியது. அவனுக்கோ அப்போதே 21 வயது.