மறு: நிறுவனப் புறக்கணிப்புக்கு ஒரு சொல் – ‘வாடிக்கைநிறுத்தம்’

அன்புள்ள குழுவினருக்கு,

வணக்கம். ஒரே பாலினத்தவரை விரும்பும் தன்பாலீர்ப்பாளர்களின் உரிமையில் ஒரு நிறுவனம் எடுக்கும் நிலைப்பாட்டுக்காக மக்கள் அதன் பொருளை வாங்காமல் விடுகிறார்களே, அதற்கு நம் சொற்பட்டியலில் என்ன சொல் வைப்பது என்று இந்த மின்னஞ்சல் இழை ஓடிக்கொண்டிருக்கிறது. புறக்கணிப்பு, நுகர்வோர் விலக்கு, பகிஷ்காரம், வாங்காமை என்று இதுவரை வந்திருக்கின்றன. என் பங்குக்கு ‘வாடிக்கைநிறுத்தம்’ என்பதை வைக்கிறேன். காரணத்தைச் சொல்லக் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தேர்தல் புறக்கணிப்பு, நீதிமன்றப் புறக்கணிப்பு எல்லாம் தினமும் படிக்கிற சொற்கள்தான். ஆனால் கண்டுகொள்ளாமல் விடுவதும் புறக்கணிப்புதான். தென்மாவட்டங்களைப் புறக்கணிக்கிறார்கள் என்று மதுரையில் எந்த மேடையிலும் கேட்கலாம். இப்போது ‘தன்பாலீர்ப்பாளர் புறக்கணிப்பு’ என்று ஒரு தலைப்பு போட்டுப் பாருங்கள். அவர்கள் ஒரு கம்பெனியைப் புறக்கணித்தார்களா, இல்லை அவர்களை யாரோ புறக்கணித்தார்களா? இரண்டாவதைத்தான் வாசகர் முதலில் நினைப்பார். ஏனென்றால் அதுதான் வீட்டுக்கு வீடு நடக்கிறது: பையன் போன் அடித்தால் எடுப்பதில்லை, தங்கை கல்யாணப் பத்திரிகையில் அவன் பெயரைப் போடுவதில்லை. அப்படி நடத்தப்பட்டவர்கள் சேர்ந்து ஒரு நிறுவனத்தை எதிர்த்து நின்றால், அதற்கும் அதே சொல்லைக் கொடுப்பது எனக்கு ஒப்பவில்லை.

பேராசிரியர் ஐயா ‘விலக்கு’ என்கிறார். வரலாற்றைப் பார்த்தால் அவர் பக்கம் நியாயம் இருக்கிறது. 1880-ல் அயர்லாந்தின் மேயோ பகுதியில் ஒரு நிலப்பிரபுவின் காரியஸ்தராக இருந்தவர் கேப்டன் பாய்காட். குத்தகைதாரர்களை வெளியேற்றப் பார்த்தார் என்று ஊரே அவரோடு கொடுக்கல் வாங்கலை நிறுத்தியது. அறுவடைக்கு ஆள் வரவில்லை, கடையில் சாமான் தரவில்லை. கடைசியில் வெளியூரிலிருந்து ஐம்பது பேரைக் கூட்டிவந்து, பட்டாளத்துக் காவலோடு அறுவடை செய்தார்கள். ‘பாய்காட்’ என்ற ஆங்கிலச் சொல் அவர் பெயரிலிருந்தே வந்தது. அது நம்மூர் ஊர்விலக்கு மாதிரியேதான் இருக்கிறது. இங்கே ஊரை விட்டு ஒதுக்கினால் என்ன நடக்கும் என்று மதுரைப் பக்கத்து ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை: டீக்கடையில் டீ கிடையாது, மளிகைக் கடையில் அரிசி கிடையாது, அந்த வீட்டில் கோயில் வரி வாங்கமாட்டார்கள், நல்லது கெட்டதுக்குப் பேச்சுவார்த்தை கிடையாது. சாதி மாறிக் கல்யாணம் செய்த குடும்பங்கள் இதை அனுபவித்திருக்கின்றன.

ஐயா, அதனால்தான் அந்தச் சொல் வேண்டாம் என்கிறேன். அயர்லாந்தில் ஏழைக் குடியானவர்கள் அதிகாரத்துக்கு எதிராகச் செய்தது அது. நம்மிடம் ‘விலக்கு’ என்ற சொல்லில் ஊர் ஒன்றுகூடி ஒற்றைக் குடும்பத்தை நசுக்கிய வாடைதான் இருக்கிறது. சோப்புக் கம்பெனி ஒன்றின் விற்பனை குறைவதையும் அந்தக் குடும்பத்துக்கு நடந்ததையும் ஒரே சொல்லால் குறித்தால், ஊர்விலக்கின் கொடுமை லேசாகிப்போகும்.

இந்த வகைப் போராட்டத்தின் ஆரம்பத்தைப் பார்த்தால் வேறு வழி கிடைக்கிறது. 1970-களில் சான் பிரான்சிஸ்கோவில் பீர் விநியோக லாரி ஓட்டுநர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அவர்களின் சங்கத் தலைவர் ஆலன் பேர்ட், காஸ்ட்ரோ வட்டாரத்தில் கேமரா கடை வைத்திருந்த தன்பாலீர்ப்பாளர் உரிமைப் போராளி ஹார்வி மில்க்கிடம் போய் உதவி கேட்டார். தன்பாலீர்ப்பாளர்களுக்கும் ஓட்டுநர் வேலை கொடுங்கள், நாங்கள் துணைக்கு வருகிறோம் என்றார் மில்க். தன்பாலீர்ப்பாளர்கள் கூடும் மதுக்கூடங்களில் கூர்ஸ் கம்பெனியின் பீர் விற்பது நின்றது. கூர்ஸ் வேலைக்கு வருகிறவர்களைப் பொய்கண்டறியும் கருவியில் உட்கார வைத்து அந்தரங்கக் கேள்வி கேட்கிறது என்ற கோபமும் பிறகு சேர்ந்துகொண்டது. ஆக, ஒரே எதிராளி மேல் ஓட்டுநர் வேலையை நிறுத்தினார், குடிக்கிறவர் வாங்குவதை நிறுத்தினார். இரண்டும் அக்கா தங்கை. இரண்டின் பெயரிலும் அந்த உறவு தெரிய வேண்டும் என்பதுதான் என் வாதம்.

வேலைநிறுத்தத்துக்கு ஒரு கோரிக்கை உண்டு. கோரிக்கை நிறைவேறினால் வாபஸ் வாங்கலாம். வாடிக்கைநிறுத்தமும் அப்படியே. 2013-ல் இத்தாலியின் பரில்லா பாஸ்தா கம்பெனித் தலைவர் தன்பாலீர்ப்புக் குடும்பத்தைத் தன் விளம்பரத்தில் காட்டமாட்டேன், பிடிக்காதவர்கள் வேறு பாஸ்தா சாப்பிடட்டும் என்று வானொலியில் பேசினார். வாங்குவதை நிறுத்துங்கள் என்று பல நாடுகளில் குரல் எழுந்தது. அவர் மன்னிப்புக் கேட்டார், கம்பெனியும் விதிகளை மாற்றியது. 2014-லேயே அமெரிக்காவின் பணியிடச் சமத்துவக் குறியீடு ஒன்றில் அதற்கு முழு மதிப்பெண் கிடைத்தது. விலக்கு என்றால் ஒதுக்கியதோடு முடிந்தது. நிறுத்தம் என்றால் திரும்பத் தொடங்க இடம் இருக்கிறது.

பகிஷ்காரத்தை நான் லேசாகத் தள்ளமாட்டேன். 1921 செப்டம்பர் 22 அன்று காந்தி மதுரை மேலமாசி வீதியில்தான் அரைவேட்டிக்கு மாறினார். அந்நியத் துணி பகிஷ்காரம் உச்சத்தில் இருந்த நேரம் அது. இந்த ஊருக்கு அந்தச் சொல்லின் மேல் உரிமை உண்டு. இலங்கைத் தமிழில் இன்னும் உயிரோடு இருக்கிறது, வேலைநிறுத்தத்தைப் பணிப்பகிஷ்கரிப்பு என்கிறார்கள். இரண்டையும் ஒரே குடும்பமாக அவர்கள் பார்ப்பது என் வாதத்துக்கு வலு. ஆனால் இங்கே கல்லூரிப் பிள்ளைகளிடம் சொன்னால் விளக்கம் கேட்பார்கள்.

> தேனித் தம்பி எழுதியது: கள்ளுண்ணாமை, ஒத்துழையாமை மாதிரி ‘வாங்காமை’ அழகாக இருக்கிறதே?

அழகுதான் தம்பி, எனக்கும் ஆசைதான். ஆனால் நம் கணினித் துறையிலேயே அதற்கு ஒரு தடை இருக்கிறது. 2014-ல் ஃபயர்பாக்ஸ் உலாவியை வெளியிடும் மோசில்லாவின் தலைமைச் செயலதிகாரியாக பிரெண்டன் ஐக் வந்தார். 2008-ல் கலிபோர்னியாவில் ஒருபால் திருமணத்தைத் தடுக்கும் வாக்கெடுப்புக்கு அவர் 1000 டாலர் கொடுத்திருந்தது பேச்சானது. ஃபயர்பாக்ஸில் வருகிறவர்கள் வேறு உலாவிக்கு மாறுங்கள் என்று ஒரு வரன்தேடும் தளம் தன் முகப்பிலேயே எழுதியது. இரண்டு வாரம் ஆவதற்குள் அவர் விலகினார். ஃபயர்பாக்ஸை யார் காசு கொடுத்து வாங்குகிறார்கள்? அங்கே நின்றது புழக்கம். வாடிக்கை என்றால் அதுவும் உள்ளே வந்துவிடும். ஓட்டலில் தங்குவது, சலூனுக்குப் போவது எல்லாமே வாடிக்கைதான்.

சொல்லும் கையில் இருக்கிறது. பால்காரரோடு மனத்தாங்கல் வந்தால் “வாடிக்கையை நிறுத்தியாச்சு” என்றுதானே சொல்கிறோம்? இதன் ஜோடியும் மதுரையில் நடந்திருக்கிறது. 2017 ஜனவரியில் ஜல்லிக்கட்டுக்காகத் தமுக்கத்தில் கூட்டம் உட்கார்ந்தது. அதன்பின் மார்ச் 1 முதல் பெப்சி, கோக் விற்கமாட்டோம் என்று வணிகர் சங்கங்கள் அறிவித்தன. கே.புதூரில் ஒரு பெட்டிக்கடையில் கோலா கம்பெனி கொடுத்த சிவப்பு குளிர்பெட்டிக்குள் வரிசையாகப் பன்னீர் சோடாவும் போவன்டோவும் நின்றதைப் பார்த்தேன். அங்கே கடைக்காரர் செய்தது விற்பனைநிறுத்தம். வாங்குகிறவர் செய்தால் வாடிக்கைநிறுத்தம். யார் நிறுத்தினார் என்பது சொல்லிலேயே தெரிந்துவிடுகிறது.

இன்னொன்று, சொல் இரு பக்கத்துக்கும் பொருந்த வேண்டும். நான் எந்தப் பக்கம் என்று குழுவுக்குத் தெரியும், மறைக்கவில்லை. ஆனால் சொற்பட்டியல் கட்சி சேரக் கூடாது. டிஸ்னி தன் ஊழியர்களின் ஒருபால் துணைகளுக்குச் சலுகை கொடுத்தது. இதையும் ஒரு காரணமாகச் சொல்லித் அமெரிக்காவின் தெற்கத்திய பாப்டிஸ்ட் சபை 1997-ல் அறிவித்ததும் வாடிக்கைநிறுத்தம்தான். 2005-ல் அதை முடித்துக்கொண்டார்கள். 2023-ல் திருநங்கை ஒருவர் விளம்பரத்தில் வந்தார் என்று பட் லைட் பீரை வாங்காமல் விட்டதும் அதேதான். அந்த பீர் அமெரிக்க விற்பனையில் முதலிடத்தையே இழந்தது. எனக்கு வலித்த சம்பவம், ஆனாலும் பெயர் அதுதான்.

2021-ல் டாபர் கம்பெனியின் ஃபெம் கிரீம் விளம்பரத்துக்கு நடந்ததை மட்டும் இதில் சேர்க்காதீர்கள். கணவனுக்காக மனைவி இருக்கும் கர்வா சௌத் நோன்பை இரண்டு பெண்கள் ஒருவருக்காக ஒருவர் இருப்பதாகக் காட்டினார்கள். சமூக ஊடகத்தில் எதிர்ப்புக் கிளம்பியது உண்மை. ஆனால் மத்தியப் பிரதேச உள்துறை அமைச்சர் சட்ட நடவடிக்கை எடுப்பேன் என்றார், கம்பெனி விளம்பரத்தை எடுத்துவிட்டது. காவல்துறையைக் கையில் வைத்திருப்பவர் பேசுவது வாடிக்கையாளரின் குரல் ஆகாது. அது மிரட்டல். ‘புறக்கணிப்பு’ என்று பொத்தாம்பொதுவாக எழுதினால் இந்த வித்தியாசம் அடிபட்டுப்போகிறது.

ஆட்களைக் குறிக்கும் சொற்களில் மறுபடி விவாதம் தொடங்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். மதுரையைச் சேர்ந்த இரண்டு பெண்கள் பாதுகாப்புக் கேட்டு உயர் நீதிமன்றம் போன வழக்கின் தொடர்ச்சியாகத்தான் 2022-ல் தமிழ்நாடு அரசு சொற்பட்டியலை அரசிதழில் வெளியிட்டது. அவர்கள் பட்ட பாட்டில் வந்தது அது. ‘ஓரினச்சேர்க்கையாளர்’ என்று எழுதியிருக்கும் பழைய பதிவுகளை இதே கையோடு திருத்திவிடலாம்.

பதிவை இப்படிப் போடலாம் என்று நினைக்கிறேன்:

வாடிக்கைநிறுத்தம் (பெ.): ஒரு நிறுவனத்தின் கொள்கையையோ செயலையோ மாற்றும் நோக்கில், அதன் பொருளை வாங்குவதையும் சேவையைப் பயன்படுத்துவதையும் வாடிக்கையாளர்கள் சேர்ந்து நிறுத்துதல். வினை: வாடிக்கை நிறுத்து.

சொல் நீளம் என்பார்கள். வேலைநிறுத்தத்தைவிட இரண்டு எழுத்துதான் கூடுதல். வாடிக்கை என்றால் வழக்கம் என்ற பொருளும் உண்டே என்பார்கள், நிறுத்தத்தோடு சேரும்போது அந்தக் குழப்பம் வராது.

எனக்குப் பிடிபடாமல் நிற்பது இதன் எதிர்ச்சொல். 2012 ஆகஸ்ட் 1 அன்று, ஒருபால் திருமணத்தை எதிர்த்துப் பேசிய சிக்-ஃபில்-ஏ உணவகத் தலைவருக்கு ஆதரவாக வேண்டுமென்றே வரிசையில் நின்று வாங்கினார்கள். ‘ஆதரவு வாடிக்கை’ என்று எழுதிப் பார்த்தேன், சப்பென்று இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைக்குள் யாராவது நல்லதாக ஒன்று சொன்னால் இரண்டையும் சேர்த்தே பட்டியலில் ஏற்றிவிடலாம்.

அன்புடன்,
மதுரையிலிருந்து